ஹைனுவ்கா: காட்டின் நிழலில் ஒரு போலந்து மாவட்டம்

போலந்தின் கிழக்கெல்லையில், பெலாரூஸ் நாட்டை ஒட்டி அமைந்துள்ள ஹைனுவ்கா மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,624 சதுர கிலோமீட்டர். அங்கு வாழ்வோர் சுமார் 40,000 பேர் மட்டுமே. ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 120 பேர் வாழும் போலந்தில், இம்மாவட்டத்தில் அந்த எண்ணிக்கை 25 அளவில் நின்றுவிடுகிறது. மாவட்டத்தின் பெயரைப் போலந்துக்கு வெளியே கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலரே. ஆனால் அதன் பெரும்பகுதியை மூடியிருக்கும் பியாவோவியெஜா காடு, ஐரோப்பியச் சமவெளியில் எஞ்சியுள்ள மிகப் பழமையான இயற்கைக் காடு என்னும் பெருமையால் உலகெங்கும் அறியப்பட்டது. அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அக்காட்டின் தலையெழுத்தை எழுதியவர்கள் வேற்றூர்களில் இருந்த மன்னர்களும், படைத் தளபதிகளும், அமைச்சர்களும், நீதிபதிகளுமே. காட்டோரத்தில் குடியிருந்தவர்களோ அத்தீர்ப்புகளின் பலனையும் சுமையையும் ஏற்று வாழ்ந்தவர்கள். ஹைனுவ்கா மாவட்டத்தின் வரலாற்றையும் இயல்பையும் புரிந்துகொள்வதற்கு இந்த இழுபறியே திறவுகோல்.

மாவட்டம் என்னும் அமைப்பு

போலந்தின் ஆட்சியமைப்பு மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேலடுக்கில் 16 மாகாணங்களும், நடுவில் ‘பொவியாத்’ எனப்படும் மாவட்டங்களும், அடியில் ‘க்மினா’ எனப்படும் உள்ளாட்சி வட்டங்களும் உள்ளன. பொவியாத் என்பது இடைக்காலத்தின் பிற்பகுதியிலேயே தோன்றிய பழைய பிரிவு. 1975-இல் கம்யூனிஸ்டு அரசு அதனை அடியோடு நீக்கியது. 1999 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாவட்ட மன்றமும், அம்மன்றம் தேர்ந்தெடுக்கும் ‘ஸ்தரோஸ்தா’ என்னும் தலைவரும் மாவட்டத்தை நடத்துகின்றனர். மேல்நிலைப் பள்ளிகள், மாவட்ட மருத்துவமனை, மாவட்டச் சாலைகள், வேலைவாய்ப்பு அலுவலகம் ஆகியவை அவர்கள் பொறுப்பில் வருகின்றன.

ஹைனுவ்கா மாவட்டம் 1954-இல் பியெல்ஸ்க் பொட்லாஸ்கி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 1975-இல் மற்ற மாவட்டங்களோடு கலைக்கப்பட்டு, 1999-இல் பொட்லாஸ்கியே மாகாணத்தின் ஓர் அங்கமாக மறுபடியும் உருவானது. ஹைனுவ்கா நகரம், க்ளெஷ்செலே, பியாவோவியெஜா, செரெம்ஹா, சிஜே, டுபிச்சே ட்செர்கியெவ்னே, நரெவ், நரெவ்கா, நகரைச் சூழ்ந்த ஹைனுவ்கா ஊரக வட்டம் என ஒன்பது க்மினாக்கள் இதில் அடங்குகின்றன. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நகர உரிமை பெற்ற நரெவும் க்ளெஷ்செலேயும் இன்று சிற்றூர்களாகச் சுருங்கிவிட, 1951-இல்தான் நகர உரிமை பெற்ற ஹைனுவ்கா மாவட்டத் தலைநகராக வளர்ந்திருப்பதற்கான காரணத்தையும் காட்டிலேயே தேட வேண்டும்.

மன்னர்களின் வேட்டைக்காடு

பியாவோவியெஜா காட்டின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,500 சதுர கிலோமீட்டர்; அதில் ஐந்தில் இரண்டு பங்கு போலந்திலும் எஞ்சியது பெலாரூஸிலும் உள்ளது. பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில் லித்துவேனியப் பெருங்கோமகன்களின் ஆளுகையில் இருந்த இக்காட்டில், போலந்து மன்னராகவும் விளங்கிய யகியேவோ, 1410-இல் குரூன்வால்டில் டியூடானிக் வீரர்களை எதிர்கொள்வதற்கு முன்பாகப் பெருவேட்டை நடத்தி, இறைச்சியை உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்து ஆற்றுவழியே படைக்கு அனுப்பியதாக வரலாற்றேடுகள் கூறுகின்றன. ஒரு படைக்கே உணவளிக்கக்கூடிய காடு மன்னரின் கருவூலத்துக்குச் சமமானதாகையால், பிற்கால மன்னர்களும் அதனைத் தம் தனியுரிமையாகவே வைத்துக் காத்தனர்.

அக்காவலை நேரில் செய்தவர்கள் ‘ஒசோச்னிக்’ எனப்பட்ட காட்டுக்காவலர்கள். இவர்கள் காட்டோரக் கிராமங்களில் நிலம் பெற்றுக் குடியமர்ந்த உழவர்கள். மற்ற உழவர்களை அழுத்திய பண்ணையடிமை முறையிலிருந்து விலக்குப் பெற்று, அதற்கு ஈடாகக் காட்டைக் காப்பதும், மன்னரின் வேட்டையின்போது விலங்குகளைக் கலைத்துக் கொண்டுவருவதும் இவர்கள் கடமையாயிற்று. வேட்டை எவ்வளவு ஆடம்பரமாக நடந்தது என்பதற்கு, பியாவோவியெஜா ஊரின் அரண்மனைப் பூங்காவில் இன்றும் நிற்கும் மணற்கல் தூணே சான்று. மூன்றாம் ஆகஸ்ட் மன்னர் 1752 செப்டம்பர் 27 அன்று நடத்திய வேட்டையின் நினைவாக எழுப்பப்பட்ட அத்தூண், அன்று வீழ்த்தப்பட்ட 42 காட்டெருதுகளின் கணக்கையும், வேட்டையில் பங்கேற்ற பிரபுக்களின் பெயர்களையும் போலிஷிலும் ஜெர்மனிலும் பொறித்து வைத்திருக்கிறது. அதிகாரம் காட்டைக் காத்ததற்கும் அழித்ததற்கும் ஒரே நோக்கம்தான் இருந்தது என்பதை அந்தக் கல் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது.

1795-இல் போலந்து மூன்றாம் முறையாகப் பங்கிடப்பட்டபோது காடு ரஷ்யப் பேரரசின் கைக்குப் போனது. 1830–31-இல் ரஷ்ய ஆட்சிக்கு எதிராக நடந்த நவம்பர் எழுச்சியில் காட்டுக்காவலர்கள் பலர் கலந்துகொண்டதால், அவர்களுடைய அமைப்பே கலைக்கப்பட்டது. 1888-இல் காடு ட்ஸார் குடும்பத்தின் நேரடிச் சொத்தாக மாறியது. 1889-க்கும் 1894-க்கும் இடையில் மூன்றாம் அலெக்சாந்தருக்காகப் பியாவோவியெஜாவில் செங்கல் அரண்மனை ஒன்று எழும்பியது. 1890-களின் இறுதியில் ரயில் பாதையும் வந்தது. அரண்மனை 1944-இல் பின்வாங்கிய ஜெர்மன் படையினர் வைத்த தீயில் எரிந்தது. எஞ்சிய சுவர்கள் பின்னர் இடிக்கப்பட்டுவிட்டதால், இன்று நுழைவாயில் கட்டடமும் பூங்காவுமே பார்வைக்கு உள்ளன.

மர அறுவை மில்லிலிருந்து பிறந்த நகரம்

1915 கோடையில் முதல் உலகப்போர் இப்பகுதியைத் தொட்டபோது, வேட்டைக்காடு தொழிற்சாலைக்கு மூலப்பொருளாக மாறியது. காட்டைக் கைப்பற்றிய ஜெர்மன் இராணுவ நிர்வாகம், ரயில் கிளைப்பாதை ஒன்று காட்டைத் தொடும் இடத்தில் இருந்த ஹைனுவ்கா என்னும் சிறு குடியிருப்பில் மர அறுவை மில்களையும், மரத்தைக் காற்றில்லாமல் சூடேற்றிக் கரியும் மெத்தனாலும் தாரும் பிரித்தெடுக்கும் ஆலையையும் நிறுவியது. காட்டுக்குள் குறுகிய ரயில் பாதைகளை வலைபோலப் பரப்பியது. மூன்றரை ஆண்டுகளுக்குள் வெட்டப்பட்ட மரத்தின் அளவு ஏறத்தாழ 50 இலட்சம் கனமீட்டர் என மதிப்பிடப்படுகிறது. 1918-இல் விடுதலை பெற்ற போலந்து அரசும் காட்டை விட்டுவைக்கவில்லை. 1924-இல் ஓர் ஆங்கிலேய மர நிறுவனத்துக்குக் குத்தகை கொடுக்க, அந்நிறுவனம் நடத்திய கண்மூடித்தனமான வெட்டு 1929-இல் குத்தகையே முறிக்கப்படும் அளவுக்குப் போனது.

இந்த மரத்தொழிலைத் தேடிப் போலந்தின் பல பகுதிகளிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து குவிந்ததால்தான் ஹைனுவ்கா நகரமானது. பழைய சந்தைச் சதுக்கமோ கோட்டையோ இல்லாத ஊர் அது. ரயில் நிலையத்தையும் ஆலைகளையும் சுற்றி வளர்ந்த ஊர். அன்று மரம் சுமந்த குறுகிய ரயில் பாதையில் ஒரு பகுதி இன்றும் இயங்குகிறது. கோடைக்காலத்தில் அது ஹைனுவ்காவிலிருந்து டோபிவோ என்னும் காட்டூருக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்கிறது.

அழிந்து திரும்பிய காட்டெருது

போருக்கு முன் இக்காட்டில் 700-க்கும் மேற்பட்ட ஐரோப்பியக் காட்டெருதுகள் இருந்தன. வளர்ந்த ஆண் விலங்கு 900 கிலோ வரை எடை கொள்ளக்கூடிய இவ்வினமே ஐரோப்பாவின் மிகப் பெரிய நிலவாழ் விலங்கு. பசித்த படையினரும் திருட்டு வேட்டைக்காரர்களும் சுட்டதில் 1919-இல் காட்டின் கடைசிக் காட்டெருதும் மாண்டது. 1927-இல் காக்கேசஸ் மலைப்பகுதியில் எஞ்சியிருந்தவையும் அழிந்தபின், உலகில் ஒரு காட்டெருதுகூட இயற்கைச் சூழலில் இல்லை. விலங்குக் காட்சிச்சாலைகளிலும் தனியார் தோட்டங்களிலும் இருந்தவற்றின் எண்ணிக்கை 60-க்கும் குறைவு.

போலந்து விலங்கியலாளர் யான் ஷ்டோல்ட்ஸ்மன் 1923-இல் பன்னாட்டு மாநாட்டில் விடுத்த அழைப்பை ஏற்று, காட்டெருதைக் காப்பதற்கான சங்கம் ஒன்று உருவானது. எஞ்சிய ஒவ்வொரு விலங்கின் பெற்றோரையும் பிறப்பையும் பதிவு செய்யும் வம்சாவளிப் பதிவேடு 1932-இல் வெளிவந்தது. காட்டு விலங்கு ஒன்றுக்கு உலகில் முதன்முதலாகத் தொகுக்கப்பட்ட பதிவேடு அதுவே. அடைப்பில் பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் பெயர் சூட்டுவதும், பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் அது பிறந்த நாட்டையோ பண்ணையையோ குறிப்பதும் இப்பதிவேட்டின் மரபு; ஆகவே போலந்துக் கன்றுகளின் பெயர்கள் பெரும்பாலும் ‘போ’ என்றே தொடங்கும். 1929-இல் காட்டெருதுகள் பியாவோவியெஜாவின் வளர்ப்பு அடைப்புக்குத் திரும்பின. 1952-இல் இரண்டு ஆண் விலங்குகள் முதன்முதலாகக் காட்டுக்குள் திறந்துவிடப்பட்டன. இன்று காட்டின் போலந்துப் பகுதியில் மட்டும் 700-க்கும் மேற்பட்டவை சுதந்திரமாகத் திரிகின்றன. ஆயினும் உலகில் இன்றுள்ள காட்டெருதுகள் அனைத்தும் வெறும் 12 முன்னோர்களின் வழிவந்தவை என்பதால், மரபணு வேறுபாடு குறைந்து நோய்களை எதிர்க்கும் ஆற்றல் மங்கிவிடுமோ என்னும் கவலை அறிவியலாளர்களுக்கு நீங்கவில்லை.

காட்டெருது மீண்டு வந்த அதே காலத்தில் பியாவோவியெஜா அறிவியல் மையமாகவும் உருவெடுத்தது. மூஞ்சூறு வகையைச் சேர்ந்த சிறு பாலூட்டிகளின் மண்டையோடு குளிர்காலத்தில் சுருங்கி வசந்தத்தில் மீண்டும் பெருக்கிறது என்பதை 1949-இல் எடுத்துக்காட்டிய ஆகஸ்ட் டேனெல் இங்கு பாலூட்டிகள் ஆய்வு நிலையத்தைத் தோற்றுவித்தார். உணவு கிடைக்காத மாதங்களில் தலையையும் மூளையையும் சிறிதாக்கி ஆற்றலைச் சேமிக்கும் இத்தன்மை இன்றும் அவர் பெயராலேயே ‘டேனெல் விளைவு’ என வழங்குகிறது.

ஆர்த்தடாக்ஸ் மக்களின் மண்

கத்தோலிக்கர் மிகப் பெரும்பான்மையாக உள்ள போலந்தில், கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தோர் பெரும்பான்மையாக வாழும் மிகச் சில மாவட்டங்களுள் ஹைனுவ்காவும் ஒன்று. கிராமங்களில் வெங்காய வடிவக் கோபுரம் கொண்ட மரக்கோயில்கள் நிற்கின்றன. பழைய ஜூலியன் நாட்காட்டியின்படி கிறிஸ்துமஸ் ஜனவரி 7 அன்று கொண்டாடப்படுவதால், இரு சபையினரும் மணவுறவால் கலந்துள்ள குடும்பங்களில் ஆண்டுதோறும் இரண்டு கிறிஸ்துமஸ்கள் வருகின்றன. 1970-களில் கட்டத் தொடங்கி 1992-இல் திருநிலைப்படுத்தப்பட்ட ஹைனுவ்காவின் திருமூவொருமைப் பேராலயம், கட்டடக் கலைஞர் அலெக்சாந்தர் கிரிகரோவிச்சின் வடிவமைப்பில், அலையென வளையும் கான்கிரீட் கூரையுடன் நவீன ஆர்த்தடாக்ஸ் கட்டடக்கலையின் குறிப்பிடத்தக்க படைப்பாக மதிக்கப்படுகிறது. கருவிகள் இன்றிக் குரலால் மட்டுமே பாடப்படும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இசைக்கு 1980-களில் இந்நகரில் தொடங்கிய விழா, பல நாடுகளின் பாடகர் குழுக்களை இங்கு வரவழைத்தது.

மொழியிலும் இம்மாவட்டம் தனித்தன்மை உடையது. 2002 கணக்கெடுப்பில் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் தங்களைப் பெலாரூஸியர் என்று அறிவித்தனர். சிஜே, டுபிச்சே ட்செர்கியெவ்னே வட்டங்களில் இவ்விகிதம் ஐந்தில் நான்கையும் தாண்டியது. ஆனால் வீட்டில் பேசப்படுவது பெரும்பாலும் பெலாரூஸியத்துக்கும் உக்ரேனியத்துக்கும் இடைப்பட்ட வட்டார வழக்கு. ‘எந்த இனம்’ என்று கேட்ட பழைய அதிகாரிகளிடம் ‘இந்த ஊர்க்காரர்’ என்று மட்டும் விடை சொன்ன உழவர்களின் பேரப்பிள்ளைகளுள், பெலாரூஸியரும் உக்ரேனியரும் ஆர்த்தடாக்ஸ் போலந்தினரும் இருக்கின்றனர். 2005-ஆம் ஆண்டின் சிறுபான்மையினர் சட்டம், கணக்கெடுப்பில் 20 விழுக்காட்டைத் தாண்டிய சிறுபான்மையினர் தம் மொழியில் உள்ளாட்சி அலுவலகத்துடன் எழுத்துப் போக்குவரத்து நடத்தலாம் எனக் கூறியபின், ஹைனுவ்கா நகரமே பெலாரூஸியத்தைத் துணைமொழியாக முதலில் ஏற்றது. 1949-இல் தொடங்கிய பெலாரூஸிய மேல்நிலைப் பள்ளியும், பெலாரூஸிய அருங்காட்சியகமும் நகரில் இயங்குகின்றன.

இந்த அடையாளத்துக்காக மக்கள் கொடுத்த விலை சிறியதன்று. 1915-இல் பின்வாங்கிய ரஷ்யப் படை, ஜெர்மானியர் கொடுமை செய்வர் என்னும் அச்சத்தைப் பரப்பியும் கட்டாயப்படுத்தியும் ஆர்த்தடாக்ஸ் மக்களைக் கிராமம் கிராமமாகக் கிளப்பி ரஷ்யாவின் உட்பகுதிக்கு அனுப்பியது. ‘பியெஜேன்ஸ்த்வோ’ எனப்படும் இப்பெரும் இடப்பெயர்வில் வண்டியேறியவர்களில் எண்ணற்றோர் பசியாலும் கொள்ளைநோயாலும் வழியிலேயே மடிந்தனர். புரட்சியையும் உள்நாட்டுப் போரையும் கடந்து ஆறேழு ஆண்டுகளுக்குப்பின் திரும்பியவர்கள் கண்டது புதர் மண்டிய வயல்களும் புதிய அரசும்தான். ரஷ்யாவில் கழித்த அந்த ஆண்டுகளை நினைவூட்டுவதுபோல, நரெவ் வட்டத்தின் த்ஷெஷ்ச்சியான்கா, சொட்ஸே, புஹ்வி ஆகிய கிராமங்களில் இன்று பயணிகள் தேடிச்சென்று காணும் மரவீடுகளின் சன்னல் கதவுகளிலும் கூரை விளிம்புகளிலும் உள்ள நுண்ணிய மரச்செதுக்கு வேலைப்பாடு, ரஷ்ய நாட்டுப்புறக் கலையின் சாயலைத் தெளிவாகக் கொண்டது.

இரண்டாம் உலகப்போரில் 1939 முதல் சோவியத் ஆட்சியும், 1941 முதல் நாஜி ஆட்சியும் அடுத்தடுத்து வந்தன. முன்னது காட்டுத்துறையினரையும் அவர்கள் குடும்பங்களையும் சைபீரியாவுக்கு நாடுகடத்த, பின்னது நரெவ்கா, பியாவோவியெஜா ஆகிய ஊர்களின் யூத சமூகங்களை அழித்து, காட்டுக்கிராமங்களை எரித்தது. போர் முடிந்தபின்னும் அமைதி திரும்பவில்லை. 1946 ஜனவரி, பிப்ரவரியில், கம்யூனிஸ்டு ஆட்சியை எதிர்த்த போலந்துத் தலைமறைவுப் படைப்பிரிவு ஒன்று, ‘புரி’ என்னும் புனைபெயர் கொண்ட ரொமுவால்ட் ரைஸின் தலைமையில், இம்மாவட்டத்தின் ஸலெஷானி உள்ளிட்ட ஆர்த்தடாக்ஸ் கிராமங்களைத் தாக்கியதில் 79 பேர் கொல்லப்பட்டனர். போலந்தின் தேசிய நினைவு நிறுவனத்தின் புலனாய்வு, இக்கொலைகள் இனப்படுகொலைக்குரிய கூறுகளைக் கொண்டவை என 2005-இல் முடிவு கூறியது. ஆனாலும் அதே ரைஸைக் கம்யூனிச எதிர்ப்பு வீரராகப் போற்றும் தேசியவாதிகளின் ஊர்வலம் 2016 முதல் ஹைனுவ்காவின் தெருக்களில் நடத்தப்பட்டு வந்ததால், கொல்லப்பட்டோரின் வழிவந்தவர்களின் காயம் ஆறாமலே இருக்கிறது. பழமைவாதக் கட்சிகளின் கோட்டையான கிழக்குப் போலந்தில் இம்மாவட்டம் பெரும்பாலும் இடதுசாரி, மையவாத வேட்பாளர்களுக்கே வாக்களித்து வருவதன் பின்னணியில் இந்த நினைவுகளும் உண்டு.

பூங்கா, பட்டைவண்டு, நீதிமன்றம்

காட்டைக் காப்பது என்றால் என்ன என்பதில் இன்றுவரை உடன்பாடு இல்லை. 1921-இல் காப்பகமாகத் தொடங்கிய பகுதி 1932-இல் தேசியப் பூங்காவாயிற்று; 1979-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பூங்காவின் கடுங்காவல் பகுதிக்குள் வழிகாட்டியின்றி நுழைய முடியாது. அங்கே விழுந்த மரத்தை யாரும் அகற்றுவதில்லை. நூற்றாண்டுகள் வாழ்ந்து சாய்ந்த ஓக் மரம் ஒன்று மண்ணாவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் அதன் உடலில் காளான்களும், பாசிகளும், வண்டினங்களும், மரங்கொத்திகளும், இறுதியில் ஸ்ப்ரூஸ் நாற்றுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் குடியேறுகின்றன. ஐரோப்பாவின் பராமரிக்கப்பட்ட காடுகளில் காணக்கிடைக்காத உயிரினங்கள் பல இங்கு தப்பியிருப்பதற்கு இந்தப் பட்டமரங்களே காரணம். ஆனால் 1996-இல் கடைசியாக விரிவாக்கப்பட்ட பூங்கா, காட்டின் போலந்துப் பகுதியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை மட்டுமே அடக்குகிறது. எஞ்சியதைப் பெரும்பாலும் அரசின் வனத்துறையே நிர்வகிக்கிறது.

2010-களில் வறட்சியால் நலிந்த ஸ்ப்ரூஸ் மரங்களைப் பட்டைவண்டு பெருமளவில் தாக்கியபோது இந்தக் கருத்து வேறுபாடு மோதலாக வெடித்தது. பட்டைக்கு அடியில் சுரங்கமிட்டு முட்டையிடும் இவ்வண்டு மரத்தின் சத்தோட்டத்தை அறுத்துக் கொன்றுவிடும் என்பதால், தாக்கப்பட்ட மரங்களை உடனே வெட்டுவதே காட்டுக்கு மருந்து என்றார் சுற்றுச்சூழல் அமைச்சர் யான் ஷிஷ்கோ. 2016 மார்ச்சில் பியாவோவியெஜா வனக்கோட்டத்தின் வெட்டு வரம்பு ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்த்தப்பட்டது. வண்டின் பெருக்கமும் ஓய்வும் இயற்கைக் காட்டின் சுழற்சியே என்று வாதிட்ட உயிரியலாளர்களும், இயந்திரங்களின் குறுக்கே தங்களைப் பிணைத்துக்கொண்ட ஆர்வலர்களும் எதிர்த்தனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017 ஜூலையில் வெட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தது. மீறினால் நாளொன்றுக்குக் குறைந்தது 1,00,000 யூரோ தண்டம் என நவம்பரில் எச்சரித்தது. 2018 ஏப்ரல் 17 அன்று போலந்து ஒன்றியச் சட்டத்தை மீறியது எனத் தீர்ப்பளித்தது.

இச்சச்சரவில் உள்ளூர் மக்கள் ஒரே குரலில் பேசவில்லை. விடுதி நடத்துவோரும் வழிகாட்டிகளும் பூங்காவை நம்பி வாழ்கின்றனர். வனத்துறையிலும் மரத்தொழிலிலும் வேலை பார்த்த குடும்பங்களுக்கோ, விறகுக்கும் காளான், பழம் பறிப்பதற்கும் பழகிய காட்டில் வேலி விழுமோ என்னும் அச்சம். தேசியப் பூங்காவை விரிவாக்க உள்ளாட்சி மன்றங்களின் இசைவு வேண்டும் என்று இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சட்டம், நூற்றாண்டுகளாகக் கேட்பாரற்று இருந்த இம்மக்களின் கையில் முதன்முறையாக மறுக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. அரசு நிதியுதவி காட்டி அழைத்தபோதும் மன்றங்கள் இசையாததால் பூங்காவின் எல்லை 1996-இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எல்லை

1945-க்குப்பின் வரையப்பட்ட எல்லைக்கோடு காட்டை இரண்டாக வெட்டியது. சோவியத் காலத்திலேயே எழுந்த வேலி காட்டெருது மந்தைகளைப் பிரித்தது. அக்கோட்டுக்கு அப்பாலுள்ள விஸ்குலி மாளிகையில்தான் 1991 டிசம்பர் 8 அன்று சோவியத் ஒன்றியத்தைக் கலைக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. 2021-இல் பெலாரூஸ் அரசின் துணையோடு மேற்காசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தோர் இக்காட்டு வழியே போலந்துக்குள் நுழைய முயன்றபோது, போலந்து அரசு எல்லையோர ஊர்களில் நெருக்கடி நிலையை அறிவித்து வெளியாரைத் தடுத்தது. 2022-இல் 186 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஐந்தரை மீட்டர் உயர எஃகுத் தடுப்பை எழுப்பியது. சதுப்பிலும் குளிரிலும் சிலர் உயிரிழந்தனர். உணவும் உலர்ந்த உடையும் கிடைக்கும் என்பதற்கு அடையாளமாகச் சில வீடுகளின் சன்னல்களில் பச்சை விளக்கு எரிந்தது. எல்லைக்காவல் படைக்கு ஆதரவான பதாகைகளும் அதே ஊர்களில் தொங்கின. சுற்றுலா வருவாய் சரிந்தது. ஓநாய்க்கும் லின்க்ஸுக்கும் வழி அடைபட்டது.

இன்று மாவட்டத்தின் பெரும் கவலை ஆள் குறைவு. 2000-களின் நடுவில் ஏறத்தாழ 48,000 ஆக இருந்த மக்கள்தொகை தொடர்ந்து தேய்கிறது. நரெவில் பண்ணை இயந்திரங்கள் செய்யும் ப்ரோனார் போன்ற பெரிய ஆலை இருந்தும், இளைஞர்கள் பியாவிஸ்தோக்குக்கும் வார்சாவுக்கும் போகின்றனர். மெல்லிய அப்பங்களை இருபதுக்கும் மேற்பட்ட அடுக்குகளாகப் புளிப்புப் பாலாடை தடவி அடுக்கும் ‘மார்ச்சினெக்’ என்னும் ஹைனுவ்கா கேக்கைச் செய்யத் தெரிந்த கிராமங்களில் மூத்தவர்களே மிகுதி.

காட்டை உலகச் சொத்து என்று அறிவிப்பது எளிது. அச்சொத்தின் ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கு வேலையும், மருத்துவமனையும், பேருந்தும், தாய்மொழிப் பள்ளியும் நிலைத்திருப்பதே கடினம். இவற்றுள் பலவற்றுக்குப் பொறுப்பான மாவட்ட மன்றத்துக்குக் காட்டின்மீது நேரடி ஆளுகை கிடையாது. காட்டை ஆளும் வார்சாவுக்கும் அதற்கு விதி வகுக்கும் ப்ரஸ்ஸல்ஸுக்கும் இம்மாவட்டத்தின் பள்ளிகள் மூடப்படுவது பெரிய செய்தியன்று. பூங்காவை விரிவாக்குவோரும் மரத்தை வெட்டுவோரும் உள்ளூர் மக்களின் பெயராலேயே வாதாடுகின்றனர். அம்மக்களே அங்கு தொடர்ந்து வாழ்வதற்கான வழியை யார் முன்வைக்கிறார்களோ, அவர்களுக்கே காட்டின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச நியாயமான உரிமை உண்டு.